காப்பி குடிக்கும் ஆதரவாளர்

மார்ச் 12, 2024

மழை. மதியம் இரண்டு இளைஞர்கள் என் லண்டன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கறுப்பு கோட்டு, நெஞ்சில் பெயர்ப்பட்டை. இருவர் பெயருக்கு முன்னாலும் ‘எல்டர்’ என்று போட்டிருந்தது. பெரியவர் என்று அர்த்தம். ஒரு பெரியவருக்கு வயது பத்தொன்பது. இன்னொரு பெரியவர் இன்னும் முழுதாக ஷேவ் செய்ய ஆரம்பிக்கவில்லை.

மோர்மன் என்கிற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையிலிருந்து வந்திருந்தார்கள். மயக்க மருந்து டாக்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். நடுங்குகிற மனிதனை வாசலில் நிறுத்திவைத்துப் பழக்கமில்லை. உள்ளே வரச் சொன்னேன். எல்டர் ஜென்சன் என்பவர், மரணத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்று நான் யோசித்ததுண்டா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அந்தக் கேள்வி எழாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

பிறகு காப்பி கொண்டுவந்தேன். ஏற்காட்டுக் கொட்டை, நானே வறுத்து, நானே அரைத்து, பில்டரில் இறக்கியது. இருவரும் கையெடுத்துத் தடுத்தார்கள். குடிக்க மாட்டார்களாம். மதக் கட்டுப்பாடாம். டீயும் கூடாதாம்.

கடவுளை மறுப்பவர்களை எனக்குத் தெரியும். என் அப்பாவே சேலத்தில் மேடை போட்டு மறுத்தவர். என் காப்பியை மறுத்தவர்களை இன்றுதான் பார்க்கிறேன்.

போகும்போது, தமிழ் பேசும் ஒரு சகோதரியை அடுத்த வாரம் அனுப்பிவைப்பதாகச் சொன்னார்கள். எதற்கு? காப்பி வேண்டாம் என்பதைத் தமிழில் சொல்லவா?

மார்ச் 19

தமிழில்தான் சொன்னார்.

பெயர் நிர்மலா. யாழ்ப்பாணம். ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் மருந்துக்கடை வைத்திருந்து சென்ற வருடம் ஓய்வுபெற்றவர், கணவரை இழந்தவர். வெள்ளியும் கறுப்புமாகத் தலைமுடி, நீல ரெயின்கோட்டு. உள்ளே வந்ததும் நின்று மூச்சை இழுத்தார்.

“நீங்களே வறுக்கிறனீங்களோ?”

“ஆமா. ஆனா உங்களுக்கு ஆகாதாமே.”

“வாய்க்குத்தான் தடை. மூக்குக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை.”

என் டம்ளரை வாங்கி முகத்தருகே வைத்து, கண்ணை மூடி, ஒரு முழு நிமிடம் அப்படியே இருந்தார். பிறகு மருந்துச்சீட்டைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுப்பவர் போல என்னிடமே நீட்டினார். “கொஞ்சம் கூடுதலா வறுத்துப்போட்டியள், டொக்டர்.”

அது உண்மை. அதை யாரும் இதுவரை சொன்னதில்லை. என் மனைவி ரஞ்சனா இறந்துபோன இந்தப் பதினோரு வருடத்தில் என் காப்பியைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல ஆளும் இருந்ததில்லை.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் நிர்மலா அகதியாக ஒற்றை அறையில் இருந்தபோது, பனிக்காலத்தில் இரண்டு அமெரிக்கப் பெண்கள் கதவைத் தட்டினார்களாம். அவர்கள் பேசியது ஒன்றும் புரியவில்லையாம். ஆனால் உடைந்திருந்த ஜன்னலை அட்டை வைத்து அடைத்துவிட்டுத்தான் போனார்களாம். “வேதம் பிறகு வாசிச்சனான். ஜன்னல்தான் முதல்.” சபையில் அன்று தமிழர் எண்ணிக்கை ஒன்று. இன்றும் ஒன்று.

சமயம் பற்றி வேறெதுவும் பேசவில்லை. அடுத்த வாரமும் வருவதாகச் சொன்னார். எனக்கு ஆட்சேபணை எதுவும் தோன்றவில்லை. இது எனக்கே ஆச்சரியம்.

மார்ச் 20

இன்று கொட்டை வறுத்தேன். போன வார வறுவலே பாதி மிச்சம் இருக்கிறது. கொஞ்சம் குறைவாக வறுத்தேன்.

ஏப்ரல் 14

சபைக்குப் போனேன். சமூகவியல் ஆர்வத்தால். வேறு காரணம் எழுதினால் இந்த நோட்டே நம்பாது.

சம்பளம் வாங்கும் குருமார் யாரும் இல்லை. பிஷப் மென்சா, கானாக்காரர், வாரநாட்களில் கணக்காளர். பிரசங்கத்தையும் சபையினர்தான் முறைவைத்துச் செய்கிறார்கள். இன்று ஒரு பிரேசில் பிளம்பர் பொறுமையைப் பற்றிப் பேசினார். பேச்சு முடிவதற்குள் எனக்கு அது முழுமையாகப் புரிந்துவிட்டது. நான் முப்பது வருடம் ஊசி போட்டுச் சாதித்ததை அவர் குரலாலேயே சாதித்தார். பின்வரிசையில் மூன்று பேர் ஆழ்ந்த நிலையில் இருந்தார்கள், சுவாசம் சீராக.

ரொட்டித் துண்டும் தண்ணீரும் தட்டில் சுற்றிவந்தன. நான் எடுக்கவில்லை. நிர்மலா என் பக்கம் திரும்பாமலே, “பறவாயில்லை, அடுத்தவருக்குக் குடுங்கோ” என்றார். அவர் ஆரஞ்சுப் புடவை கட்டியிருந்தார். இதைச் சமூகவியல் குறிப்பாகவே பதிவு செய்கிறேன்.

ஏப்ரல் 23

நிதானமாக எழுத வேண்டும். நடந்ததை நடந்த வரிசையில்.

நான்கு மணிக்கு வந்தார். இஞ்சித் தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

“டொக்டர், உங்கட பிறந்த திகதி என்ன?”

சொன்னேன்.

“பிறந்த இடம்?”

“சேலம்.”

“அப்பான்ர பேர், ஊர்? அப்பப்பான்ர பேர்? அம்மான்ர பக்கம்?”

சொன்னேன். தாத்தாவுக்கு மேல் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அவருக்குத் தன் பக்கத்தில் ஏழு தலைமுறை தெரியுமாம்.

“கூடப்பிறந்த ஆக்கள்?”

“ஒருத்தருமில்ல.”

பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி: “பிறந்த நேரம் தெரியுமோ?”

“காலை ஆறு பத்து.” அப்பா பகுத்தறிவுவாதி, ஜாதகம் எழுதவிடவில்லை. அம்மா நேரத்தை மட்டும் மனதில் வைத்திருந்து, எதற்கும் இருக்கட்டும் என்று என் காதில் போட்டுவைத்தாள். அறுபத்திரண்டு வருடம் கழித்து ஸ்ட்ரெதமில் அது பயன்படுகிறது!

தேதி, ஊர், அப்பா, தாத்தா, உடன்பிறப்பு, நேரம். இந்தக் கேள்விகளை ஒரு தமிழர் இன்னொரு தமிழரிடம் கேட்டால் உலகத்தில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். வழக்கமாக ஒரு மாமாவோ தரகரோ கேட்பார்கள். இவர் நேரில் வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, தானே கேட்டார். என்ன துணிச்சல்! என்ன நாகரிகம்!

நான் முகத்தில் எதையும் காட்டவில்லை. அவர் போனபின் சமையலறையில் கொஞ்சம் ஆடினேன். பாட்டு இல்லாமல்.

ஏப்ரல் 25

காப்பியை நிறுத்திவிட்டேன். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் மாப்பிள்ளை பக்கமிருந்தும் ஒரு முயற்சி தெரிய வேண்டும்.

ஏப்ரல் 26

தலைவலி. காப்பியை நிறுத்தினால் தலைவலி வரும் என்று நானே நூறு நோயாளிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். இப்படி வலிக்கும் என்று சொல்லவில்லையே. ஐயோ, யாருக்காவது ஒரு ஆறுதல் வார்த்தையாவது சொன்னேனா?

ஏப்ரல் 29

டூட்டிங் போய் முடிவெட்டிக்கொண்டேன். பார்பர் “விசேஷமோ அண்ணை?” என்றார். சமூகவியல் என்றேன்.

மே 5

நான் ஒரு மடையன். இதை வடமொழி கலக்காமல் எழுதிவைக்கிறேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு சபையினர் உபவாசம் இருந்து வருவார்கள். யார் வேண்டுமானாலும் எழுந்து மனதில் உள்ளதைச் சொல்லலாம். என் மனதில் ஏராளம் இருந்தது. நல்லவேளை எழவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, கூடத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் நிர்மலா உட்கார்ந்திருந்தார். அதே கண்ணாடி. எதிரில் பிரேசில் பிளம்பர்.

“பிறந்த இடம்? தாத்தா பெயர்? பாட்டி பெயர்?” என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிளம்பருக்குப் பின்னால் வரிசை. பிஷப்பின் மனைவி, நைஜீரியத் தம்பதி ஒன்று, கைக்குழந்தையோடு ஒரு பெண்.

எல்டர் ஜென்சன் மகிழ்ச்சியோடு விளக்கினார். மூதாதையரைத் தேடி வம்சமரம் எழுதுவது இவர்கள் சமயக் கடமை. இறந்துபோன உறவினருக்காகக் கோவிலில் சடங்குகள் செய்வார்கள். சகோதரி நிர்மலாதான் இந்தச் சபைக்கு வம்சமர ஆலோசகர். யாருக்கு வேண்டுமானாலும், சபையில் சேராதவர்களுக்கும்கூட, உதவுவார். “உங்களுக்கும் செய்கிறார் போலிருக்கிறதே, டாக்டர்!”

போலிருக்கிறது.

பிளம்பருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவரைக் கட்டிக்கொள்ளும் உத்தேசம் அந்தம்மாவுக்கு இருக்காது. எனவே... அடச்சீ. பத்து நாளா தலைவலியோட திரிஞ்சேனே. எதுக்கு? யார் கேட்டா? ரஞ்சனா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா.

வீட்டுக்கு வந்து மூன்று டம்ளர் காப்பி குடித்தேன். மூன்றும் பிரமாதம்.

மே 6

நான்காவது டம்ளர் அவ்வளவு நன்றாக இல்லை.

மே 21

இருந்தும் செவ்வாய்க்கிழமை நிர்மலா வந்தார். நானும் கொட்டை வறுத்து வைத்திருந்தேன்.

என் மரத்தை அச்செடுத்துக் கொண்டுவந்தார். அப்பாவுக்கு மேல் ஒரு தாத்தா, அதற்கு மேல் வெறும் கிளைகள். இறந்துபோன என் ஆட்களைக் கோவிலில் என்ன செய்யப்போகிறார் என்று சற்றுக் கடுப்பாகவே கேட்டேன். என் அப்பா மேடைமேடையாகக் கடவுளை மறுத்தவர், செத்தபின் ஞானஸ்நானம் என்று தெரிந்தால் எழுந்து வந்து கூட்டம் போடுவார் என்றேன்.

“உங்கட ஆக்களை நான் தொடேலாது, டொக்டர். சொந்தக்காரர்தான் பேர் குடுக்கலாம். அதுதான் சட்டம். நான் உங்களுக்கு மரம் மட்டும்தான் கீறித் தரலாம்.”

“உங்க கணவருக்குச் செஞ்சீங்களா?”

இஞ்சித் தண்ணி டம்ளரை மேசையில் வைத்தார். ஸ்ரீஸ்கந்தராஜா, தபால் இலாகாவில் வேலை பார்த்தவர், இறந்து ஒன்பது வருடமாகிறது. “அவர் முருக பக்தர். உயிரோட இருக்கேக்க ஒருநாளும் சபைக்கு வரேல்லை. கார்ல கொண்டுவந்து இறக்கிப்போட்டு வெளியில கந்தசஷ்டி கேட்டுக்கொண்டு இருப்பார். செத்தாப்பிறகு கையைப் பிடிச்சு இழுக்கிறது மரியாதையில்லை எண்டு விட்டிட்டன்.”

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. காருக்குள் உட்கார்ந்திருக்கும் ஆதரவாளர்.

எழுந்து கோட்டுப் போடும்போதுதான் சொன்னார். அந்த எல்டர் பையன்களைப் போலச் சபை ஊழியத்துக்கு விண்ணப்பிக்க யோசிக்கிறாராம். ஓய்வுபெற்ற பெண்கள் ஒன்றரை வருடம் போகலாம். எந்த நாடு என்று சபைதான் தீர்மானிக்கும். பிலிப்பைன்ஸோ, உகண்டாவோ.

“நல்ல விஷயம்” என்றேன்.

நல்ல விஷயமாம்!

மே 22

ஒன்றரை வருடம். உகண்டாவிலும் நல்ல காப்பி விளைகிறது. அங்கே யாராவது ஒரு டாக்டர் சரியாக வறுப்பான்.

ஜூன் 9

பிஷப் மென்சா என்னை ஓரமாக அழைத்தார். ஜூலை கடைசியில் முன்னோடிகள் விழா. அந்தக் காலத்தில் கடல் கடந்து, வண்டிகட்டிப் பாலைவனம் போனவர்களை நினைவுகூர்வது. ஆரம்பகாலத்துச் சபைக்கு உதவிய லண்டன்காரர் ஒருவரைப் பற்றி நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். “நீங்கள் நிறையப் படிப்பவர், டாக்டர்.”

நான் நம்பிக்கையாளன் இல்லையே என்றேன். இருக்கட்டும், உங்களை நாங்கள் ‘சபையின் நண்பர்’ என்று வைத்திருக்கிறோம் என்றார். காப்பி குடிக்கும் ஆதரவாளர் என்று திருத்தினேன். அவர் சிரித்தார். கணக்காளர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

ஒப்புக்கொண்டேன். ஜூலை கடைசி வரையாவது இங்கே எனக்கு ஒரு வேலை இருக்கிறது.

ஜூன் 15

நூலகத்தில், பெர்மண்ட்சி வட்டார வரலாறு பற்றிய ஒரு மெல்லிய பிரசுரத்தில் இரண்டே பக்கம். மார்த்தா டகெட். விதவை. வெயிஸ்ட்கோட்டு தைத்துப் பிழைத்தவர். 1840களில் ஊர் ஊராகத் துரத்தப்பட்ட மோர்மன் போதகர்களுக்கு மாடி அறையைக் கொடுத்து, சோறு போட்டு, சட்டை தைத்துக் கொடுத்தவர். ஜன்னலில் கல் விழுந்தபோது கண்ணாடியை மாற்றிவிட்டு மறுபடியும் இடம் கொடுத்தவர். ஆனால் சபையில் மட்டும் சேரவில்லை.

சேர்ந்தவர்கள் அலையலையாக அமெரிக்காவுக்குப் போனார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மார்த்தா வழிச்சாப்பாடு கட்டிக்கொண்டு யூஸ்டன் ஸ்டேஷன் வரை போய் வழியனுப்பினார். பதின்மூன்று வருடம்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வரியைத்தான் நான் நாலைந்து தடவை படித்தேன். இங்கே எழுதப்போவதில்லை. விழாவில் சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 22

நிர்மலாவின் அக்கா சிவமலர் டூட்டிங்கில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். எதற்கென்று தெரியவில்லை. சேலத்துக்காரன் என்று இட்லி போட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டே போனேன். பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ், நண்டும் இறாலும் போட்டது. இரண்டு முறை வாங்கினேன்.

சிவமலர் அக்கா மதத்தில் சைவம் என்றால் சைவம், சாப்பாட்டில் அல்ல. தங்கை ஏதோ வெள்ளைக்காரச் சபைக்குப் போவதை, ஒவ்வாமை மாதிரி, வைத்தியமில்லாத ஒன்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “இஞ்சேருங்கோ, டொக்டருக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ.” “இஞ்சேருங்கோ, விசிறியைப் போடுங்கோ.” இங்கே பாருங்கள் என்பதுதான். அந்த மனிதருக்கு நாற்பது வருடமாக அதுவே பெயர். கூப்பிட்ட குரலுக்கு நிமிர்கிற அழகைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

நான் சாப்பிட்ட தட்டைக் கழுவ எழுந்தேன். சிவமலர் அக்கா தங்கையைப் பார்த்துச் சொன்னார்: “பாத்தியே? விடியப்பறம் பிறந்த ஆக்கள் இப்பிடித்தான். சுறுசுறுப்பு.”

நிர்மலா ஏனோ அடுப்பைத் துடைக்கப் போய்விட்டார். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

என்னைச் சுறுசுறுப்பு என்று யாரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வரும்வரை 57ஆம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

ஜூலை 4

நாடு வாக்களித்தது. நானும் போட்டேன். ஆட்சி மாறுமாம். நிர்மலா விண்ணப்பம் அனுப்பிவிட்டாரா என்று யாரும் செய்தியில் சொல்லவில்லை.

ஜூலை 14

எழுதுகிறேன். முதலில் தண்ணீர் குடிக்கிறேன்.

குடித்தாயிற்று.

நிர்மலா இன்று டூட்டிங் போயிருந்தார். வம்சமர மேசையில் பிளம்பரின் மனைவி சகோதரி ஆல்வெஸ். என் அம்மா பிறந்த வருடத்தை ஒருவழியாகத் தெரிந்துகொண்டேன், சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். சேர்த்தார். என் விவரங்களைத் திரையில் காட்டி, சரிதானா என்றார். தேதி சரி, ஊர் சரி.

“நேரம் விட்டுப்போயிருக்கிறதே” என்றேன். “காலை ஆறு பத்து.”

“என்ன நேரம்?”

“பிறந்த நேரம். சகோதரி நிர்மலா கேட்டு வாங்கினார்.”

ஆல்வெஸ் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். நேரத்துக்கு இதில் இடமே இல்லையே என்றார். ஒன்பது வருடமாக இந்த மேசையில் நிர்மலாவுக்கு உதவுகிறாராம்; யாரிடமும் நேரம் கேட்டதில்லையாம். எதற்குக் கேட்க வேண்டும்? மூதாதையரைத் தேட நிமிடக் கணக்கு எதற்கு?

எதற்கு!

சபைக்கு நேரம் தேவையில்லை. உலகத்தில் ஒரு மனிதன் பிறந்த நேரத்தைக் கேட்கிற ஒரே ஆள் ஜோசியன். நிர்மலாவுக்கு ஜோசியத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் டூட்டிங்கில் இருக்கும் அக்காவுக்கு...

விடியப்பறம் பிறந்த ஆக்கள்!

நான் எங்கே சொன்னேன் விடியற்காலையில் பிறந்தேன் என்று? ஒடியல் கூழ் குடிக்கிற மும்முரத்தில் கோட்டைவிட்டேனே! முப்பது வருடம் மானிட்டரைப் பார்த்து உயிர்களைக் காப்பாற்றியவன், கண்ணெதிரே துடித்த ஒன்றைப் பார்க்கவில்லை.

சகோதரி ஆல்வெஸின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர், பாவம், என் அம்மா கிடைத்துவிட்ட மகிழ்ச்சி என்று நினைத்துக் கண்கலங்கிவிட்டார்.

ஜூலை 15

ஆனால் மே மாதம் ‘நல்ல விஷயம்’ என்று சொன்னவன் நான்தானே. ஒரு பெண் அறுபது வயதை நெருங்கிக்கொண்டு, கண்ணாடி போட்டு, நேரம் வரைக்கும் கேட்டுவிட்டார். இதற்குமேல் அவர் என்ன செய்ய வேண்டும், தட்டு வரிசையோடு வர வேண்டுமா? மிச்சம் என் பக்கம்தான்.

விழாவுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

ஜூலை 27

கூடம் நிறைய ஆட்கள். பச்சை ஜெல்லி, கானாவின் ஜொலாஃப் சோறு, பிரேசில் பன். எல்டர் ஜென்சன் குழந்தைகளை வைத்துக் கைவண்டி ஓட்டினார். நிர்மலா மூன்றாம் வரிசை. ஆரஞ்சுப் புடவை.

மார்த்தா டகெட்டைப் பற்றிப் பேசினேன். அறை, சோறு, உடைந்த ஜன்னல், யூஸ்டன் ஸ்டேஷன். பிறகு அந்த வரி. பதின்மூன்றாம் வருடம் விவரம் தெரியாத ஒரு புதுப் போதகர் வந்து தங்கினார். சூப் குடித்துக்கொண்டே, “திருமதி டகெட், நீங்கள் எப்போது வருகிறீர்கள்?” என்றார். மார்த்தா கரண்டியைக் கீழே வைத்தார். மேலே போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து வந்தார். கட்டித் தயாராக இருந்த பெட்டி. துணிகளை மடித்துவைத்துப் பல வருடம் ஆனதால் மடிப்பெல்லாம் மஞ்சள் கோடாகியிருந்ததாம். அடுத்த கப்பலில் போனார்.

“எல்லோரும் அவரை வீட்டுக்காரம்மா என்றே நினைத்துவிட்டார்கள்” என்று முடித்தேன். “அவ்வளவு நன்றாகச் சோறு போடுகிறவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்காதவர்கள் எல்லோரும் நல்லவர்கள், படித்தவர்கள். அதில் ஒருவன் நான்.”

கடைசி வாக்கியம் எழுதிக்கொண்டு போனதில் இல்லை. வாய் தானாகச் சொன்னது. சபை “ஆமென்” என்றது.

கூட்டம் கலைந்தபின் நிர்மலா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் அடுக்கினேன்.

“டொக்டர், மார்த்தாவுக்குக் கப்பல் பயமோ?”

“இல்ல. யாரும் கேக்கல. அவ்வளவுதான்.”

“கேக்கிற ஆளுக்குத்தான் பயமாக்கும்.”

“ஆமா. ரொம்ப.”

இன்னும் இரண்டு நாற்காலி அடுக்கினோம். அதற்குமேல் நாற்காலி இல்லை.

“நிர்மலா, எங்கிட்ட பிறந்த நேரம் எதுக்குக் கேட்டீங்க?”

முகம் சிவந்ததைப் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். “அது அக்கா. பேர் மட்டும் போதும் எண்டு சொன்னனான். நேரமில்லாமல் அவ சாப்பிடமாட்டன் எண்டு நிண்டா. எனக்கு உந்தச் சாத்திரத்தில நம்பிக்கையில்லை.”

“எனக்கும் இல்ல.”

“சபையில?”

“அதுலயும் இல்ல. கூட வருவேன். கார்ல உக்காந்திருக்க மாட்டேன், உள்ளயே வருவேன். காப்பி குடிப்பேன்.” பிறகு கேட்டுவிட்டேன். “உகண்டாவுக்குப் போகாம, எங்கூட இருக்கீங்களா?”

அவர் ஒரு நாற்காலியை மறுபடி எடுத்துப் பிரித்துப் போட்டு அதில் உட்கார்ந்தார்.

“விண்ணப்பம் ரெண்டு எழுதி வைச்சிருக்கிறன். ஒண்டு வெளிநாட்டுக்கு. மற்றது இஞ்ச வீட்டில இருந்துகொண்டே கிழமையில ரெண்டு நாள் வம்சமர வேலை. மே மாசம் உங்களிட்ட வந்து சொன்னதே எதை அனுப்பிறது எண்டு பாக்கத்தான். நீங்கள் நல்ல விசயம் எண்டியள்!”

“மன்னிச்சுக்குங்க.”

“ரெண்டு மாசம் காத்திருக்கிறன். பிஷப் ஒவ்வொரு ஞாயிறும் கேக்கிறார். நீங்கள் சும்மா இருக்கேக்க நான் என்னெண்டு சொல்ல?”

“இப்ப சொல்லலாமா?”

“ஓம்” என்றார். எந்தக் கேள்விக்கு என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் அதுவே போதும்.

ஜூலை 28

ஹை ரோட்டில் போகிற எல்லோருக்கும் வணக்கம் சொன்னேன். இரண்டு பேர் எதிர்ப் பக்கத்துக்குப் போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 18

பிஷப் மென்சா உட்காரவைத்து ஒழுங்காக விளக்கினார். கோவிலில் செய்யும் திருமணம் நித்தியத்துக்கும் நிற்குமாம். நான் சபையில் இல்லாததால் பதிவாளர் அலுவலகம்தான். அது இந்த ஆயுள் முடியும்வரை மட்டுமே செல்லும். வருத்தமா என்று கேட்டார். இந்த ஆயுளுக்கே இவ்வளவு தாமதமாக வந்தவன், நித்தியத்தைப் பற்றிப் புகார் சொல்ல உரிமையில்லை என்றேன்.

மாலையில் சிவமலர் அக்கா வீடு. ஜோசியர் ஏப்ரல் மாதமே பார்த்துவிட்டாராம். பத்துக்கு ஏழு பொருத்தம். அப்பாவின் மகன் நான், இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, “எந்த மூணு இல்ல?” என்று கேட்டேன். குரலில் கவலை இருந்ததாக நிர்மலா பிறகு சொன்னார்.

“அதை ஏன் கேக்கிறியள்” என்றார் சிவமலர் அக்கா. “இஞ்சேருங்கோ, டொக்டருக்குப் பாயாசம்.”

செப்டம்பர் 10

பிரிக்ஸ்டன். பதிவாளர் அலுவலகத்தில் திருமண அறிவிப்புக் கொடுத்தோம். இருவரையும் தனித்தனியாக அழைத்து, மற்றவரைப் பற்றிக் கேட்பது வழக்கம். போலிக் கல்யாணங்களைப் பிடிக்க.

நிர்மலா முதலில் போய்ச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். “எல்லாம் சொன்னன். உங்கட அப்பப்பா வரைக்கும். நேரமும் சொன்னன். அந்தப் பிள்ளை எழுதேல்லை.”

பிறகு நான். அதிகாரி ஒரு கஜந்தினி, முப்பது வயதிருக்கும், தமிழ்ப் பெண், ஆனால் ஆங்கிலத்தில் கண்டிப்பு. நிர்மலாவின் முழுப் பெயர்? சொன்னேன். தொழில்? மருந்தாளர், ஓய்வு. முன்பு திருமணமானவரா? சொன்னேன்.

“பிறந்த திகதி?”

வாயைத் திறந்தேன்.

ஐந்து மாதம் ஒரு பெண் என் வம்சத்தையே வேரோடு தோண்டி எடுத்திருக்கிறார். நான் அவரிடம் திருப்பி ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேனா? காப்பி வறுவல் எப்படி என்று கேட்டேன். உகண்டா எவ்வளவு தூரம் என்று அட்லஸில் பார்த்தேன். மேடையேறி மார்த்தாவுக்காக உருகினேன். இதைக் கேட்கவேயில்லை.

கஜந்தினி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். போலிக் கல்யாணம் என்றால் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருப்பார்களே, என்று அந்தப் பெண்ணுக்கே தோன்றியிருக்க வேண்டும். “அங்கிள், உண்மையாவே தெரியாதா?” என்றார், தமிழில்.

“ஒரு நிமிஷம் கேட்டுட்டு வரலாமா?”

அதற்கு விதியில் இடமில்லை என்று சொல்லத் தொடங்கினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே இருந்த செடியை மிகக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் கதவைத் திறந்தேன். வராந்தா நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நிர்மலா, நீங்க எப்பப் பிறந்தீங்க?”

அந்த வராந்தாவில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். எல்லோரும் திரும்பினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி, கூப்பிட்டார். டொக்டர் என்றில்லை.

“இஞ்சேருங்கோ! உதைக் கேக்க உங்களுக்கு இவ்வளவு நாள் எடுத்ததோ?”

நான் நிமிர்ந்த வேகத்தில் கதவில் தலை இடித்துக்கொண்டேன். இன்னும் வலிக்கிறது. சந்தோஷமாக வலிக்கிறது.

நிர்மலா. 1965 அக்டோபர் 3. சாவகச்சேரி. அப்பா நடராசா, அப்பப்பா வினாசித்தம்பி, அதற்கு மேல் இன்னும் ஐந்து பெயர், எல்லாம் வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

பிறந்த நேரம் விட்டுப்போய்விட்டது. நாளை காலை கேட்க வேண்டும்.